யானையைப் பிறகு பார்க்கலாம், முதலில் சர்வே எண்ணைக் கேளுங்கள்

கேள்வி: சென்னையில் வசிக்கிறோம். கணவருக்கு வீட்டிலிருந்தே வேலை என்பதால் நீலகிரியில் கூடலூர் பக்கம் குடும்பத்தோடு குடியேற நினைக்கிறோம். 6 வயதில் மகள், ஆஸ்துமா உள்ள மாமியார், ஒரு நாய். தேயிலைத் தோட்டத்தை ஒட்டி 12 சென்ட் மனை ஒன்றைத் தரகர் காட்டியிருக்கிறார். மாதக் கடைசிக்குள் முன்பணம் கேட்கிறார். எங்கள் பயமெல்லாம் யானை, சிறுத்தை பற்றித்தான். சோலார் வேலி போட்டுவிட்டால் போதுமா? மாமியாருக்கு அந்தக் குளிர் ஒத்துக்கொள்ளுமா?

பதில்: வேலி போதாது. குளிர் ஒத்துக்கொள்ளும், ஈரம்தான் ஒத்துக்கொள்ளாது. இரண்டையும் பிறகு விளக்குகிறேன். நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது, அந்த மனையின் காகிதம். வனத்துறையில் வேலை பார்த்த காலத்தில் யானையால் வீட்டை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். காகிதத்தால் இழந்தவர்கள் அதைவிட அதிகம். யானை இடித்த சுவரை மறுபடி கட்டிக்கொள்ளலாம்.

கூடலூர், பந்தலூர் வட்டங்களின் நிலம் மற்ற ஊர் நிலத்தைப் போன்றது அல்ல. இதில் பெரும்பகுதி ஒரு காலத்தில் கேரளத்து நிலம்பூர் அரச குடும்பமான கோவிலகத்தின் ஜென்ம நிலம், அதாவது பரம்பரைப் பெருநிலக்கிழார் உரிமை. அந்த முறையை ஒழிக்க 1969-ல் ஒரு சட்டம் வந்தது, 1974-ல் நடைமுறைக்கு வந்தது. தோட்டங்களுக்குக் குத்தகைக்கு விட்டிருந்த நிலங்களை என்ன செய்வது என்பதை அதன் 17-ஆவது பிரிவு சொல்கிறது. சொல்கிறது என்றால், அரசு முடிவெடுக்கலாம் என்று சொல்கிறது. அந்த முடிவுக்காக மூன்று தலைமுறை காத்திருக்கிறது. இந்தச் சட்டத்திலிருந்து கிளம்பிய வழக்கு 2007-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு வரை போனது. சில சட்டங்களை நீதிமன்றம் ரத்து செய்யாதபடி பாதுகாக்க வைத்திருக்கும் அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணைக்கே அங்கே எல்லை வகுத்தார்கள். சட்டக் கல்லூரியில் அது பெரிய பாடம். அந்த நிலத்தில் குடியிருப்பவரோ வீட்டுக்கு மின் இணைப்பு கேட்டு இன்னும் மனு எழுதிக்கொண்டிருக்கிறார்.

உள்ளூர்க்காரர்கள் ‘செக்‌ஷன் 17 நிலம்’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள். தரகர் மட்டும் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டார். ‘எஸ்டேட் நிலம் சார், பட்டா அடுத்த வருஷம் வந்துடும்’ என்பார். அந்த அடுத்த வருஷத்தை நான் பணியில் சேர்ந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் வில்லங்கச் சான்றைக் காட்டுவார். முப்பது வருஷத்துக்கு எடுத்திருப்பார், ஒரு வில்லங்கமும் இருக்காது. இதில்தான் படித்தவர்கள் ஏமாறுகிறார்கள். வில்லங்கச் சான்றில் வருவது பதிவான பத்திரங்கள் மட்டும். சாதாரண முத்திரைத்தாளில் எழுதிக் கைமாறிக்கொண்டே வந்த நிலத்துக்கு எந்தப் பதிவும் இருக்காது, அதனால் சான்று துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக வரும். இந்த மலையில் அந்தச் சுத்தத்தைப் பார்த்துத்தான் நீங்கள் சந்தேகப்பட வேண்டும். பத்திரம் பதிவாகிவிட்டாலும் அதுவே உரிமைக்குச் சான்று ஆகாது. விற்றவருக்கு இல்லாத உரிமை உங்களுக்கு எங்கிருந்து வரும்?

நீங்கள் பார்க்க வேண்டியது ‘அ’ பதிவேடு. சர்வே எண்ணைச் சொன்னால் அந்த நிலம் எந்த வகை, யார் பெயரில் என்று அதில் இருக்கும். ரயத்துவாரி பட்டா, அதாவது அரசு நேரடியாக நில உரிமையாளருக்குக் கொடுத்த பட்டா என்று இருந்தால் மேலே பேசலாம். ஜென்மம், வனம், அரசு என்ற சொற்களில் ஏதாவது ஒன்று இருந்தால் முன்பணத்தைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.

பட்டா இருந்தாலும் விஷயம் முடியவில்லை. 1949-ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் நிலத்தை, மாவட்டக் குழுவின் முன் அனுமதி இல்லாமல் விற்கவோ குத்தகைக்கு விடவோ முடியாது. மரத்தில் கை வைக்கவும் முடியாது. நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு, கூடலூர்ப் பக்கக் காடு அழிவதைப் பொறுக்காமல் 1995-ல் உச்ச நீதிமன்றம் போனார். மறு ஆண்டு டிசம்பரில் வந்த உத்தரவு, யார் பெயரில் இருந்தாலும் அகராதிப்படி காடாக இருப்பது காடுதான் என்றது. ஆகவே தேயிலைக்கு நடுவே சோலை மரங்கள் நிற்கும் அழகான துண்டு நிலம் என்றால் கூடுதலாக விசாரியுங்கள். வீடு கட்ட மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதி தேவைப்படும் கிராமமா என்பதையும் கேளுங்கள். அந்தக் குழுமத்தின் ஆங்கிலச் சுருக்கத்தைச் சொல்லி ‘ஹக்கா கிராமமா?’ என்று கேட்டால் எல்லோருக்கும் புரியும்.

இவை அத்தனையையும் ஒரே மேசையில் கேட்டுத் தெரிந்துகொள்ள வழி உண்டா என்றால் கிடையாது. வருவாய்த் துறை வரைபடத்தில் யானை இருக்காது, வனத்துறை வரைபடத்தில் உங்கள் வீட்டு எண் இருக்காது. பதிவு செய்பவர் தன் பக்கத்தை மட்டும் பார்ப்பார். நாலு அலுவலகம், நாலு முத்திரை. பொறுப்பு மட்டும் வாங்குகிறவர் தலையில்.

சரி, யானைக்கு வருவோம்.

யானை உங்கள் வீட்டுக்கு வருவதில்லை, அது தன் பாதையில் போகிறது. பாதையில் நீங்கள் வீடு கட்டியிருந்தால் வீட்டு வழியாகப் போகும். பக்கத்து மசினகுடியைப் பாருங்கள். சீகூர் யானை வழித்தடம் என்று 2010-ல் அரசாணை வந்தது. வழக்காடி, 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அது சரி என்று சொல்லிவிட்டது. நடுவில் அங்கே விடுதி வாங்கியவர்களில் பலர், இடம் பார்க்கப் போன அன்று யானையைக் காணாதவர்கள். தரகர் மனை காட்டுவது எப்போதும் மார்ச், ஏப்ரலில், காலை பதினொரு மணிக்கு. அந்த நேரத்தில் யானை நிழலில் நின்றுகொண்டிருக்கும். பாதையை அறிய, பக்கத்துப் பாடியில் (தொழிலாளர் குடியிருப்பில்) இருபது வருஷமாக இருக்கிற தோட்டத் தொழிலாளர் யாரிடமாவது தரகர் இல்லாத நேரத்தில் ‘ராத்திரி எந்தப் பக்கமா வரும்?’ என்று கேளுங்கள். வருமா என்று கேட்காதீர்கள்.

சோலார் வேலி நல்ல பொருள்தான், பெரிய தோட்டத்தைச் சுற்றி, தினமும் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால். மழைக்காலத்தில் புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் மின்சாரம் தரைக்குப் போய்விடும். யானைத் தந்தத்தில் மின்சாரம் பாய்வதில்லை என்பதை யானை உங்களுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டது. தந்தம் இல்லாதது ஒரு மரத்தை வேலி மேல் தள்ளிவிட்டு நடந்து வரும். 12 சென்ட்டுக்கு வேலி போட்டால் பக்கத்து வீட்டுக்காரரின் சுவருக்கு யானையை நீங்களே திருப்பிவிடுகிறீர்கள், அவ்வளவுதான். ‘நேரடி லைன் கொடுத்துடலாம் மேடம், செலவு கம்மி’ என்று ஒரு எலக்ட்ரீஷியன் சொல்வார். அது குற்றம். யானை செத்தால் வன உயிரினச் சட்டத்தில் சிறை. மகள் தொட்டால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

வேலியைவிடப் பயன் தருவது சமையலறையை எங்கே வைக்கிறீர்கள் என்பது. பந்தலூர்ப் பக்கம் பி.எம்.2 என்று பெயர் வைக்கப்பட்ட மக்னா (தந்தமில்லாத ஆண்) யானை அரிசிக்காகவே வீடுகளை இடித்தது. 2022 டிசம்பரில் பிடித்து ரேடியோ காலர் மாட்டி முதுமலைக் காட்டில் விட்டார்கள். சில வாரங்களில் அது கேரளத்தில் சுல்தான் பத்தேரி நகரத்துக்குள் நடந்துகொண்டிருந்தது. அரிசி மணம் அதை அவ்வளவு தூரம் பழக்கிவிட்டது. ஆகவே அரிசியை மூட்டையாக வாங்கி வெளிச்சுவர் ஓரம் அடுக்காதீர்கள். கொஞ்சமாக வாங்கி, இறுக்கமாக மூடும் பாத்திரத்தில், வீட்டின் நடுவில் வையுங்கள். முற்றத்தில் பலா மரம் இருந்தால் காயிலேயே பறித்துவிடுங்கள். வாழை வைக்காதீர்கள்.

சிறுத்தை பற்றி. அது மனிதனைத் தேடி வருவதில்லை, நாயையும் ஆட்டையும் தேடித்தான் வருகிறது. பெரியவர்களைக் கண்டால் பெரும்பாலும் ஒதுங்கிப் போகும். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. உங்களுக்கு 6 வயது மகள் இருப்பதால் அதை நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன்.

தேயிலைச் செடி பெரியவர் இடுப்புயரம் இருக்கும், உங்கள் மகளின் தலை ஏறக்குறைய அந்த மட்டத்தில் இருக்கும். மாலை மங்கும்போது செடிகளுக்கு இடையில் குனிந்தோ குந்தியோ இருக்கும் சின்ன உருவம் சிறுத்தையின் கண்ணுக்கு மனிதக் குழந்தை அல்ல, கைக்கு எட்டும் ஒரு சின்ன விலங்கு. வால்பாறைத் தோட்டங்களில் இப்படிப் பல குழந்தைகள் போயிருக்கிறார்கள். 2024 ஜனவரியில் பந்தலூர் அருகே ஒரு தோட்டத்தில் 3 வயதுக் குழந்தை. பெரும்பாலும் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள்தான். கழிப்பறை வெளியே, விளக்கு கிடையாது, வாசலைத் தொட்டபடி செடி. வீட்டுக்குள்ளேயே கழிப்பறை இருக்கும் உங்களுக்கு அபாயம் குறைவுதான், ஆனால் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டைச் சுற்றிப் புதரை வெட்டி வெட்டவெளியாக வையுங்கள். வாசலில் விளக்கு எரியட்டும். பள்ளி வண்டிக்குக் காத்திருக்கும் இடத்துக்குப் பெரியவர் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். பின்னால் நடந்து வந்தால் போதாது. சாயங்காலம் ஆறு மணிக்குப் பந்து செடிக்குள் போனால் அது மறுநாள் காலை வரை அங்கேயே கிடக்கட்டும். இதில் மட்டும் நான் யாருக்கும் சலுகை கொடுப்பதில்லை. என் பேரனுக்கும் இல்லை.

நாய் இரவில் வீட்டுக்குள் படுக்க வேண்டும். வாசலில் கட்டிப்போட்ட நாய் வீட்டைக் காவல் காப்பதில்லை, சிறுத்தையை வாசலுக்கு அழைக்கிறது.

பாம்பு விஷயத்தில் ஒன்றே ஒன்று. நம் ஊரில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் செய்யப்பட்டது. மலையில் இருக்கும் குழிவிரியன்களுக்கு அது சரியாக வேலை செய்யாது. அதனால் இருட்டில் டார்ச்சும் பூட்ஸும் இல்லாமல் இறங்காதீர்கள். கடித்தால் கட்டுப் போடுகிறேன், கீறிவிடுகிறேன் என்று யாரையும் அனுமதிக்காமல் நேரே மருத்துவமனை.

இனி மாமியார். நீங்கள் மனதில் வைத்திருப்பது ஊட்டிக் குளிர் என்று நினைக்கிறேன். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், டிசம்பர், ஜனவரியில் புல்வெளியில் உறைபனி படியும். கூடலூர் ஏறக்குறைய 1,000 மீட்டர்தான், அந்தக் குளிர் இங்கே இல்லை. இங்கே பிரச்சினை ஜூன் முதல் செப்டம்பர் வரையான தென்மேற்குப் பருவமழை. நாள் கணக்கில் வெயில் எட்டிப் பார்க்காது. துவைத்த துணி காயாது, சுவரில் பூசணம் பிடிக்கும், தலையணையில் ஈரவாடை ஏறும். ஆஸ்துமாக்காரருக்குப் பூசணம் எதிரி. அடுப்பில் விறகு எரித்தால் இன்னும் மோசம். கிளம்பும் முன் நுரையீரல் மருத்துவரைப் பார்த்து இன்ஹேலர் அளவைப் பேசிக்கொள்ளுங்கள். இரவில் மூச்சுத் திணறினால் எந்த மருத்துவமனை, எவ்வளவு நேரம் என்பதை மழை நாளில் வண்டி ஓட்டிப் பார்த்துக் கணக்கிடுங்கள். மைசூருக்குப் போய்விடலாம் என்று நினைக்க வேண்டாம், பந்திப்பூர் சாலை இரவு 9 மணிக்கு மூடினால் சொந்த வண்டிகளுக்குக் காலை 6 மணிக்குத்தான் திறக்கும். ஊட்டிக்கு 50 கிலோமீட்டர், மலைப்பாதை, மழையில் மரம் விழும்.

‘வியூ பாயிண்ட் பிளாட்’ என்று தரகர் சொல்வதைச் சரிவு என்று மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள். 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் நிலம் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை. புதிதாக மண்ணை வெட்டிச் சமன் செய்த மனை, பின்னால் தடுப்புச்சுவர் இல்லாத மேடு, ஓடையை மண் போட்டு மூடிய இடம் என்றால் மேற்கொண்டு பேச்சே வேண்டாம்.

ஆகவே நான் சொல்வது, ஒரு வருஷம் வாடகைக்கு இருங்கள். கூடலூர் நகரத்துக்குள், பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் நடக்கும் தூரத்தில். மே மாதம் போய், முழு மழையையும் அட்டைக்கடியையும் பார்த்து, பலா பழுக்கும் காலத்தில் யானை எந்தப் பக்கம் வருகிறது என்று கவனித்து, மாமியாருக்கு ஜூலை எப்படிப் போகிறது என்று பாருங்கள். அதற்குள் நாலு பேர் பழக்கமாவார்கள். உண்மையான நிலவரத்தை அவர்களே சொல்வார்கள்.

தரகர் ‘இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்காங்க’ என்று நிச்சயம் போன் செய்வார். அந்தப் பார்ட்டியே வாங்கிக்கொள்ளட்டும். நீங்கள் சர்வே எண்ணையும் உட்பிரிவு எண்ணையும் மட்டும் எழுதித் தரச் சொல்லுங்கள். தந்தால் ‘அ’ பதிவேட்டு நகலும் புலப்படமும் (நிலத்தின் அளவு வரைபடம்) எடுத்து, உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் கட்டணம் கொடுத்துக் காட்டுங்கள். அந்த வழக்கறிஞரைத் தரகர் அறிமுகம் செய்திருக்கக் கூடாது.