சுகர் உள்ளவருக்கு ஈறு நோய்: லேசர் செய்துகொள்ளலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 54. பல வருடங்களாகச் சுகருக்கு மாத்திரை சாப்பிடுகிறார், எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சுகர் அளவு) 8.6. பல் தேய்த்தாலே ரத்தம் வருகிறது, கீழ் முன்பற்கள் இரண்டு ஆடுகின்றன. லேசர் வைத்தால் வலிக்காது, ஒரே நாளில் முடிந்துவிடும் என்று கிளினிக்கில் சொல்கிறார்கள். செலவு அதிகம். செய்யலாமா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: அவசரப்பட்டு லேசருக்குப் பணம் கட்டிவிடாதீர்கள் சகோதரி. முதலில் பெரியோடான்டிஸ்ட், அதாவது ஈறு நோய் நிபுணர் ஒருவரிடம் காட்டுங்கள். அவர் மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விட்டு, ஒரு பல்லுக்கு ஆறு இடத்தில் ஆழம் பார்த்து எழுதுவார். 3 வரை பயமில்லை, அதற்கு மேல் போனால் அங்கே ஈறு பல்லைவிட்டு விலகிப் பை விழுந்திருக்கிறது, உள்ளே வேரில் காரை படிந்திருக்கும். அந்த அளவுத் தாளையும் எக்ஸ்ரேயையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காரையைச் சுரண்டி எடுக்காமல் ஈறு ஆறாது. மரத்துப்போக ஊசி போட்டு வேர் வரை சுத்தம் செய்கிற டீப் கிளீனிங்தான் அடிப்படை சிகிச்சை. பல கிளினிக்குகளில் இருக்கும் டயோடு லேசர் கிருமியைக் கொல்லும், ஈறுத் தசையை அதிக ரத்தமில்லாமல் வெட்டும், ஆனால் கல்லாக இறுகிய காரையை எடுக்காது. சுகர் உள்ளவர்களிடம் நடந்த சில சிறிய ஆய்வுகளில் கிளீனிங்கோடு லேசரும் சேர்த்தபோது கொஞ்சம் கூடுதல் பலன் தெரிந்தது, எல்லாவற்றிலும் தெரியவில்லை. 2020-ல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல் கிளீனிங்கோடு லேசரைச் சேர்க்கச் சொல்லவில்லை.

இதில் உங்கள் கணவருக்கு இன்னொரு லாபமும் இருக்கிறது. சுகர் ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சுகர் அடங்காது. ஈறைச் சரிசெய்தால் மூன்று நான்கு மாதத்தில் எச்பிஏ1சி சராசரியாக 0.4 அளவு குறைகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2022-ன் காக்ரேன் தொகுப்பாய்வு சொல்கிறது. அதற்காக மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.

சிகிச்சைக்குக் காலையில், சாப்பிட்டு மாத்திரை போட்டுவிட்டுப் போகட்டும், வெறும் வயிற்றோடு போனால் நாற்காலியிலேயே சுகர் இறங்கி மயக்கம் வரலாம். ரத்தம் உறையாமலிருக்க ஏதாவது மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பீடி, சிகரெட் இருந்தால் விட்டே ஆக வேண்டும். கிளீனிங் முடிந்ததும் பல் கூசும், பல்லுக்கு நடுவே சந்து தெரியும், "சுத்தம் செய்து பல்லைக் கெடுத்துவிட்டார்கள்" என்று பலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். வீக்கம் வடிந்து, அடைத்திருந்த காரையும் போனதால்தான் அந்தச் சந்து தெரிகிறது, தயவுசெய்து நிறுத்த விடாதீர்கள்.

ஆடும் பல்லையும் உடனே பிடுங்கச் சம்மதிக்காதீர்கள், வீக்கம் வடிந்தபின் ஆட்டம் குறையக்கூடும். மூன்று மாதம் கழித்துத் திரும்ப அளக்கச் சொல்லுங்கள். அப்போதும் 6 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ நிற்கும் பைகளுக்குத்தான் ஈறு அறுவை சிகிச்சை பற்றிய பேச்சு, லேசர் உதவுமா என்றும் அப்போது கேளுங்கள்.