கல் லாமாவுக்குச் சாப்பாடு

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆண்டீஸ் மலை மேய்ப்பர்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில் ‘இல்லா’ என்ற கல் உருவங்களை ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். தேடிப் பார்த்தேன். உள்ளங்கைக்குள் அடங்கும் கல் லாமாக்கள், அல்பாக்காக்கள் (இரண்டும் அங்கே மேய்க்கும் ஒட்டக இன விலங்குகள்). சிலவற்றின் முதுகில் ஒரு குழி. இவை தெய்வச் சிலைகளா, தாயத்துகளா? ஒரு கல் மந்தையைப் பெருக்கும் என்று அந்த மலைகளில் வாழும் ஐமாரா பழங்குடி மக்கள் உண்மையிலேயே நம்புகிறார்களா? என் தம்பி வேலையாக பொலிவியா போகிறான். ஒன்று வாங்கி வரச் சொல்லலாமா?

ரா.

அன்புள்ள ரா.,

நீங்கள் பார்த்த குழி, அந்தக் கல்லுக்குச் சாப்பாடு வைக்கிற இடம். குழியுள்ள உருவங்கள் பெரும்பாலும் ஸ்பானியர்கள் வருவதற்கு முன் ஆண்டீஸை ஆண்ட இன்காக்களின் காலத்தவை, ‘கொனோப்பா’ என்று பெயர். லாமாக் கொழுப்பையும், அங்கே மக்கள் மெல்லும் கொக்கா இலையையும் அதில் வைப்பார்கள். அருங்காட்சியகத்தில் குழியைச் சுத்தமாகத் துடைத்து, விளக்கு போட்டு, ‘சிற்பம்’ என்று எழுதி வைத்துவிடுகிறார்கள். அந்த உருவத்தின் முக்கால்வாசி விஷயம் அதோடு போய்விடுகிறது.

ஐமாராக்களின் இல்லாவுக்குக் குழி இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. வெள்ளை நிற மென்கல்லில் செதுக்கிய ஒற்றை லாமாவாக இருக்கலாம், ஜோடியாக இருக்கலாம். எனக்கு மிகவும் பிடித்தது பட்டி வடிவம்: ஒரு சின்னக் கல்லுக்குள் சுற்றுச்சுவர், உள்ளே நெருக்கியடித்து நிற்கும் விலங்குகள், சிலவற்றில் ஓரமாக ஒரு வீடு. செம்மறியாடும் காளையும்கூட இப்படிச் செதுக்கப்படுகின்றன. இரண்டுமே ஸ்பானியர்களோடு வந்த விலங்குகள். புதிதாகப் பட்டிக்குள் வந்ததையும் சடங்கு சேர்த்துக்கொண்டுவிட்டது.

இல்லாவை வருடம் முழுக்க வெளியே காட்டமாட்டார்கள். துணியில் சுற்றி, கொக்கா இலையோடு மூட்டையாகக் கட்டி வீட்டுக்குள் வைத்திருப்பார்கள். மழைக்காலத்தில், கிறிஸ்தவத் தவக்காலத்துக்கு முன் வரும் கார்னிவல் திருவிழா சமயத்தில், மந்தைக்கு அடையாளமிடும் நாள் வரும். விலங்குகளைப் பட்டியில் அடைத்து, காது நுனியை வெட்டி, கலர் கம்பளிக் குஞ்சம் கட்டுவார்கள். அன்று மூட்டை அவிழும். நெய்த துணி மேல் இல்லாக்களை வைத்து, கொழுப்பும் இலையும் படைத்து, சாராயம் தெளிப்பார்கள். அதே சாராயம் மண்ணுக்கும் உண்டு, பூமித்தாயான பச்சமாமாவுக்கு.

ஏன் அந்தப் பருவம்? லாமா சுமார் பதினொரு மாதம் சுமந்து பெரும்பாலும் ஒரே ஒரு குட்டிதான் போடும். குட்டி போடுவதும் மறுபடி சினையாவதும் பெரும்பாலும் மழை மாதங்களில். அவர்கள் பகுதியிலுள்ள டிட்டிகாக்கா ஏரியே 3,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மேய்ச்சல் நிலம் பல இடங்களில் அதற்கும் மேலே. ஒரு கடும் பனி இரவில் அந்த வருடத்துக் குட்டிகள் போய்விட்டால் மந்தை மீண்டும் தலையெடுக்கப் பல வருடம் ஆகும். புல்லையும் நோயையும் நன்றாக அறிந்த மேய்ப்பர்தான் இந்தக் கல்லுக்கும் படைக்கிறார். இரண்டும் அவருக்கு ஒரே வேலையின் பகுதிகள்.

தெய்வமா தாயத்தா என்று கேட்டீர்கள். எனக்கு இரண்டுமே பொருந்தவில்லை. பெரு நாட்டின் கூஸ்கோ நகர மானுடவியலாளர் ஹோர்ஹே ஃப்ளோரெஸ் ஓச்சோவா 1960-களில் புனோ பகுதியின் பரத்தியா மேய்ப்பர்களிடையே ஆய்வு செய்தவர். அவர்கள் கெச்சுவா என்ற வேறொரு ஆண்டீஸ் மொழி பேசுபவர்கள், ஆனால் இந்த விஷயத்தில் ஐமாராக்களுக்கு ரொம்ப நெருக்கமானவர்கள். ஊற்றுகளிலிருந்தும் ஏரிகளிலிருந்தும் வந்த விலங்குகளை மலைதான் மனிதரிடம் ஒப்படைத்திருக்கிறது, சரியாகப் பார்த்துக்கொள்ளாவிட்டால் அவை திரும்பிப் போய்விடும் என்பது தென் ஆண்டீஸ் மேய்ப்பர்களின் எண்ணம். மந்தையின் உயிர்ச்சக்தி கல்லில் தங்கியிருக்கிறது. அது பசியோடு கிடக்கக் கூடாது. ஆக, இது வரம் கேட்கும் வழிபாடு என்பதைவிட, வாங்கிய கடனுக்குத் தவறாமல் வட்டி கட்டுவதுபோல என்பேன்.

ஸ்பானியர் ஆட்சியில், இதை விக்கிரக வழிபாடு என்று சொல்லி இந்தக் கடனை அறுக்கப் பெரிய முயற்சி நடந்தது. ஏசு சபைப் பாதிரியார் பாப்லோ ஹோசே தே அர்ரியாகா 1621-ல் வெளியிட்ட நூலில், பெருவின் லிமா மறைமாவட்டக் கிராமங்களில் ஒன்றரை வருடத்துக்குள் பறித்த பொருள்களைக் கணக்குப் போட்டிருக்கிறார்: 603 பெரிய வழிபாட்டுப் பொருள்கள், 3,418 கொனோப்பாக்கள். படிக்கும்போது எனக்கு ஆத்திரம்தான் வந்தது. ஒவ்வொன்றும் ஒரு குடும்பம் பரம்பரையாகப் பாதுகாத்தது.

பறித்தது பாதிரியார்கள் மட்டுமில்லை. 1858-ல் சுவிஸ் பயணி யோஹான் யாக்கோப் ஃபான் சுடி, பொலிவியாவின் பழைய இடிபாடுகள் உள்ள தியவானாகுவில் மக்கள் வணங்கிய ஒரு சின்னக் கல் உருவத்தை ஒரு புட்டி காக்னாக் கொடுத்து வாங்கிப் போனார். 1929-ல் அது பெர்ன் வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போனது. வளத்தின் தெய்வமான எக்கேக்கோவின் இல்லா என்று பொலிவியா அதைக் கேட்டுப் போராடி, 2014-ல் திரும்பப் பெற்றது. எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

சரி, உங்கள் தம்பி விஷயம். லா பாஸ் நகரில் சான் பிரான்சிஸ்கோ தேவாலயத்துக்குப் பின்னால் லினாரெஸ் தெருவில் புதிதாகச் செதுக்கியவை விற்கிறார்கள். செதுக்குபவருக்கு வருமானம், தாராளமாக வாங்கலாம். ஆனால் யாராவது தனியே கூப்பிட்டு, பழசு, பாட்டன் காலத்தது என்று காட்டினால் தொடவே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உண்மையிலேயே தொல்பொருளாக இருந்தால் நாட்டைவிட்டுக் கொண்டுபோவது குற்றம். அதைவிட, ஒரு குடும்பத்தின் மூட்டையிலிருந்து போனதாக இருந்தால் அந்த மந்தைக்காரர் அடுத்த கார்னிவலில் எதற்குப் படைப்பார்?