வேப்பெண்ணெய் தடவியும் ஆட்டுப் பேன் திரும்பத் திரும்ப வருகிறதா?

பன்னிரண்டு வெள்ளாடு வைத்திருக்கிறேன், மழை தொடங்கியதிலிருந்து சுவரில் உரசிக்கொண்டே நிற்கின்றன, வேப்பெண்ணெய் தடவினால் ஒரு வாரம் சரியாகிறது, மறுபடி அரிப்பு என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் ஆட்டை வெயிலில் நிறுத்தி, கழுத்தோரம், முதுகுத்தண்டு ஓரம் முடியைப் பிரித்துப் பாருங்கள். முடியோடு ஒட்டிய வெள்ளைப் புள்ளி ஈர், நகர்ந்தால் பேன். காதுக்குள்ளும் வாலடியிலும் துவரம்பருப்பு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தால் உண்ணி. தோல் தடித்து, பொருக்கு கட்டி, முடி திட்டுத்திட்டாகக் கொட்டியிருந்தால் அது சொறி. அதை மூலிகையை மட்டும் நம்பி விடாதீர்கள், கால்நடை மருத்துவரிடம் காட்டி ஊசி போடுங்கள். சில வகை சொறி தொட்ட கையிலும் அரிக்கும்.

பேனுக்கும் உண்ணிக்கும் நான் சொல்வது இதுதான்: பூண்டு 10 பல், வேப்பிலை, வேப்பம்பழம், துளசி, உண்ணிச்செடி இலை ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி, வசம்பு 10 கிராம், மஞ்சள்தூள் 20 கிராம். மை போல அரைத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, வெயில் உள்ள நேரமாகப் பார்த்து உடம்பு முழுக்கத் துணியால் தேய்த்துவிடுங்கள். கண், வாய்ப் பக்கம் வேண்டாம். மழை நாளில், அதுவும் குட்டிகளை நனைத்துவிட்டு அப்புறம் சளி பிடித்துவிட்டது என்று அலையக்கூடாது. உண்ணிச்செடியை ஆடு மேயவும் விடாதீர்கள், ஈரலைக் கெடுக்கும். அரைத்த சக்கையையும் ஆடு எட்டாத இடத்தில் கொட்டுங்கள்.

சரி, ஏன் திரும்ப வருகிறது? வேம்பு பூச்சியை உடனே கொல்லும் விஷம் இல்லை, அது தோலுரித்து வளர்வதையும் முட்டையிடுவதையும் கெடுக்கிறது, மெதுவாகத்தான் வேலை செய்யும். ஈர் பொரிய 9 முதல் 12 நாள் வரை ஆகும் என்பதால், ஒரே தடவை தடவி நிறுத்தினால் பொரிந்து வரும் பேன் தப்பித்துக்கொள்ளும். அதனால் வாரம் ஒரு முறை, மூன்று நான்கு வாரம் விடாமல் செய்யுங்கள், அரிக்கிற ஆட்டுக்கு மட்டுமல்லாமல் பன்னிரண்டுக்கும் ஒரே நாளில். உண்ணியோ இன்னும் மோசம், வயிறு நிறைந்ததும் ஆட்டை விட்டு இறங்கிச் சுவர் விரிசலிலும் எருவுக்கு அடியிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். எருவை அள்ளி, விரிசலைப் பூசி, மீதியுள்ள சாற்றை அந்த இடுக்குகளில் தெளியுங்கள். கொட்டிலை விட்டுவிட்டு ஆட்டை மட்டும் கழுவுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். நாலு நாட்டுக்கோழி விட்டால் உண்ணியைப் பொறுக்கித் தின்னும்.

புகையிலைக் கஷாயம் வேண்டவே வேண்டாம், தோல் வழியாக ஏறி ஆட்டையே சாய்த்துவிடும். சீத்தாப்பழ விதைத்தூள் பேனுக்கு நன்றாகவே கேட்கும், ஆனால் கண்ணில் பட்டால் கண்ணே புண்ணாகிவிடும், எனக்கு அதில் துணிச்சல் இல்லை.

கீழிமையை இழுத்துப் பார்த்து வெளிறியிருந்தால் ரத்தம் குறைந்துவிட்டது, அப்போது மூலிகை அரைத்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.