பைதான் நிரல்மொழியில் படம் வரையும் டர்டில் பாடத்தைப் புத்தகத்தில் உள்ளபடியே எழுதியும் பிழை வருகிறது. ஏன்?

உங்கள் கோப்புக்கு 'டர்டில்.பிஒய்' என்று பெயர் வைத்திருப்பீர்கள். நிரலைப் பார்க்காமலே எப்படிச் சொல்லலாம் என்று சண்டைக்கு வருபவர்கள் வரட்டும். 'டர்டிலில் ஃபார்வர்ட் என்ற பண்பு இல்லை' என்று பிழை வருவதாக எழுதியிருக்கிறீர்களே, அதுவே போதும்.

நிரலில் 'இம்போர்ட் டர்டில்' என்றதும் பைதான் முதலில் தேடுவது, நீங்கள் இயக்கும் கோப்பு இருக்கும் கோப்புறையில். அங்கேயே அந்தப் பெயர் கிடைத்துவிட்டால், பைதானோடு வந்த உண்மையான டர்டில் வரைக்கும் அது போவதில்லை. பெயரை 'சதுரம்' என்று மாற்றுங்கள், ஓடும்.

நான் பள்ளியில் கணினி ஆசிரியை. எங்கள் ஆய்வகத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பகிர்வுக் கோப்புறை. ஒருநாள் காலையில் ஒருவருடைய நிரலும் ஓடவில்லை. பழுதுபார்க்க வந்தவர் வைரஸ் என்றார். விண்டோஸை மறுபடி நிறுவ வேண்டும் என்று கட்டணமும் சொன்னார். பிழைச் செய்தியில் கோப்பு இருக்கும் இடம் முழுதாக அச்சாகியிருந்தது. அது பைதான் நிறுவிய இடமே இல்லை, எங்கள் கோப்புறை. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி நட்சத்திரம் வரைந்து, டர்டில் என்றே பெயரிட்டுச் சேமித்திருந்தாள். பெயரை மாற்றினேன், எல்லாருடையதும் ஓடின. "இப்போதைக்கு ஓடும் மேடம்" என்று சொல்லிவிட்டு, வருகைக்கான தொகையை வாங்கிக்கொண்டுதான் அவர் போனார்.

பள்ளியின் ஆன்லைன் பதிவு வேலை அத்தனையும் கணினி ஆசிரியை தலையில். கணினி நின்றுவிட்டால் மட்டும் அவள் பேச்சு எடுபடாது, வெளியாள் வந்து சொல்ல வேண்டும். கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் எழுதிவிட்டேன்.

இன்னொன்று. யாராவது பைதான் தொகுப்புகளை இணையத்திலிருந்து நிறுவும் பிப் மூலம் டர்டிலை நிறுவச் சொன்னால் கேட்காதீர்கள். அது பைதானோடே வருவது. பிப்பில் அந்தப் பெயரில் இருப்பது படம் வரைவதற்குத் தொடர்பே இல்லாத வேறொரு தொகுப்பு. உபுண்டுவில் டிகிண்டர் (பைதானுக்குச் சாளரம் திறந்து தருவது) இல்லை என்று பிழை வந்தால் மட்டும் 'பைதான்3-டிகே' தொகுப்பை, உபுண்டுவின் நிறுவும் கருவியான ஆப்ட் வழியாக நிறுவுங்கள், டர்டில் அதன் மேல்தான் ஓடுகிறது. படம் வரைந்த உடனே சாளரம் மறைந்துவிட்டால் கடைசி வரியில் 'டர்டில்.டன்' சேர்த்து, அடைப்புக்குறியையும் மறக்காமல் போடுங்கள்.