நிலம் எங்கேயோ, மனு அங்கே! – உழவர் கேள்வி பதில்

கேள்வி: திருத்தணி அருகே தாத்தா பெயரில் 3 ஏக்கர் நிலமும் கிணறும் இருக்கின்றன. மிளகாய், கத்தரி போட்டு மானியத்தில் சொட்டுநீர் அமைக்க ஆசை. சென்னையிலேயே மனு கொடுக்கலாமா?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: பெயரைத் தமிழக அரசின் உழவன் செயலியில் வீட்டிலிருந்தே பதியலாம். மற்றதெல்லாம் நிலம் இருக்கும் வட்டார அலுவலகத்தில்தான். அங்கும் பயிரைப் பொறுத்தே துறை. காய்கறி, பழம், பூவுக்குத் தோட்டக்கலை உதவி இயக்குநர். நெல், நிலக்கடலை, கரும்புக்கு வேளாண்மை உதவி இயக்குநர். மாற்றிப் போய் நின்றால் ஒரு நாள் வீண்.

மானியத்துக்கு முன்னால் பட்டாவைக் கவனியுங்கள். பட்டாவில் தாத்தா, ஆதாரில் பேரன் என்றால் மனு நகராது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்றுடன் இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பியுங்கள். சித்தப்பா, அத்தை பங்கு இருந்தால் பாகப்பிரிவினையை முடித்துவிடுவது நல்லது. இல்லையேல் கூட்டுப் பட்டாதான் வரும், ஒவ்வொரு திட்டத்துக்கும் எல்லோரிடமும் கையெழுத்துக்கு அலைய வேண்டும்.

அடுத்தது சிறு, குறு விவசாயி சான்று. 2.5 ஏக்கர் வரை குறு, 5 ஏக்கர் வரை சிறு. இவர்களுக்கு 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75. ஆனால் 100 சதவீதம் என்பது அரசு நிர்ணயித்த விலைக்குத்தான்; குழாய்களை நெருக்கமாகப் போட்டுச் செலவு கூடினால் மிச்சம் உங்கள் கையிலிருந்து. சிட்டா (நில உரிமை விவரம்), அடங்கல் (பயிர் விவரப் பதிவு), நில வரைபடம், மண், நீர் ஆய்வு முடிவு ஆகியவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். பணி ஆணை வரும்முன் குழாய் வாங்கிவிடாதீர்கள். வாங்கியதற்கு மானியம் கிடையாது. ஒருமுறை பெற்றால், அதே நிலத்துக்கு 7 ஆண்டுகள் கழித்துத்தான் மறுபடி.

கேள்வி: ஒரே வயல் மண்ணை இருமுறை ஆய்வுக்குக் கொடுத்தோம். முடிவு இரண்டும் ஒத்துப்போகவில்லை. ஆய்வகத்தில் கோளாறா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: பெரும்பாலும் மண் எடுத்த விதத்தில்தான் கோளாறு. வரப்போரம், மர நிழல், எருக்குவியல் கிடந்த இடம், வாய்க்கால் பக்கம் எடுக்கக் கூடாது. உரமிட்ட கையோடும் எடுக்கக் கூடாது. அறுவடை முடிந்து, அடுத்த பயிருக்கு முன் எடுப்பதே சரி.

மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, மண்வெட்டியால் ஆங்கில ‘வி’ வடிவில் குழி வெட்டுங்கள். நெல், நிலக்கடலைக்கு 15 செ.மீ. ஆழம், பருத்தி, கரும்பு, வாழைக்கு 22.5 செ.மீ. குழியின் பக்கச் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் சீவி எடுங்கள். இப்படிக் குறுக்கும் நெடுக்குமாக 10 இடங்களுக்குக் குறையாமல் எடுத்து, பிளாஸ்டிக் வாளியில் கலக்குங்கள். துருப்பிடித்த இரும்புச் சட்டி, துத்தநாக முலாம் வாளி வேண்டாம். இரும்பு, துத்தநாகம் போன்ற நுண்ணூட்டங்களின் கணக்கே மாறிவிடும். கலந்த மண்ணை நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பாகங்களைத் தள்ளுங்கள். அரை கிலோ மிஞ்சும்வரை இதையே செய்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டுங்கள். யூரியா சாக்கில் கட்டிக் கொண்டுபோகிறவர்களும் உண்டு. தழைச்சத்து (நைட்ரஜன்) ‘அதிகம்’ என்று வராமல் என்ன செய்யும்?

கேள்வி: அவசரச் சந்தேகத்துக்கு யாரைக் கூப்பிடுவது?
– வாசகர், மேடவாக்கம்

பதில்: கிசான் அழைப்பு மையம், 1800-180-1551. கட்டணமில்லை, காலை 6 முதல் இரவு 10 மணி வரை தமிழிலேயே பேசலாம். ‘இலை மஞ்சளாகிறது’ என்று மட்டும் சொன்னால் போதாது. ரகம், பயிரின் வயது, கடைசியாக இட்ட உரம், மஞ்சள் அடி இலையிலா குருத்திலா என்பதைக் குறித்து வைத்துக்கொண்டு பேசுங்கள். அடி இலை என்றால் தழைச்சத்தையும், குருத்து என்றால் இரும்புச்சத்தையும் முதலில் சந்தேகிப்பார்கள்.