பதில்: தாம்பரத்தில் இறங்க வேண்டாம், சானடோரியம் நிறுத்தம்தான்

மூட்டு வலி உள்ள அம்மாவை விழுப்புரத்திலிருந்து சென்னை தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கு அழைத்து வர எங்கே இறங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அரசுப் பஸ்ஸில் வந்தால் கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்திலேயே இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து ஜிஎஸ்டி சாலை வழியாகக் குரோம்பேட்டை பக்கம் போகும் மாநகரப் பஸ்ஸில் ஏறுங்கள். வண்டலூர், பெருங்களத்தூர், தாம்பரம் தாண்டி வருவது சானடோரியம். நடத்துநரிடம் 'தாம்பரம்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், முன்னாலேயே இறக்கிவிடுவார். அது வேறு நிறுத்தம்.

மூட்டு வலிக்காரருக்கு ரயில்தான் நல்லது என்பேன். தாம்பரத்தில் இறங்கி, கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் ஏறினால் அடுத்த நிலையமே சானடோரியம். என்ன, படிக்கட்டு ஏறி இறங்க வேண்டும்.

ஆட்டோக்காரரிடம் 'சானடோரியம் ஆஸ்பத்திரி' என்றால் நெஞ்சக நோய் மருத்துவமனையில் விட்டுவிடலாம். 1928-இல் காசநோய்க்காகத் தொடங்கிய அந்த இடத்தால்தான் ஊருக்கே இந்தப் பெயர். நீங்கள் போக வேண்டியது 2005-இல் வந்தது. 'சித்தா ஆஸ்பத்திரி' என்றே சொல்லுங்கள். பழைய மருத்துவச் சீட்டுகளையும் எடுத்து வாருங்கள். ஏற்றுமதித் தொழிற்சாலைகள் உள்ள மெப்ஸ் வளாகமும் பக்கத்தில்தான், ஷிப்டு மாறும் நேரத்தில் பஸ்ஸில் உட்கார இடம் கிடைப்பது கடினம்.