சொந்தமாகப் புத்தகம் போடுகிறவர்கள் வாசகரைப் பிடிப்பது எப்படி? கம்பத்து அக்கா பதில்கள்

கம்பம் பள்ளத்தாக்கிலும் மலைக்கு மேலே இடுக்கிப் பக்கமும் சொந்தமாக நாவல் போட்டுச் சொந்தமாகவே விற்கிறவர்கள் கேட்டவை இவை. ஊர்ப் பெயரோடு வருவது அவர்கள் பேச்சு, மீதி என் பதில். பேச்சு, சமூக வலைத்தளத்தில் வாசகரைச் சேர்ப்பது பற்றி மட்டும். அச்சுக்கூலி, அட்டைப்படம் எல்லாம் இன்றைக்குக் கிடையாது.

உத்தமபாளையம்: அக்கா, முதல் நாவலைக் கிண்டிலில் போட்டுவிட்டேன். முகநூலில் தினமும் லிங்க் போடுகிறேன். லைக் வருகிறது, விற்பனை இல்லை.

லைக் போட்டவர்களைப் பெயர் பெயராகப் பாருங்கள். பாதிப்பேர் சொந்தக்காரர்கள். மீதிப்பேர் உங்களைப் போலவே லிங்க் போடும் எழுத்தாளர்கள். நீங்கள் அவர்களுக்குப் போட்டதை அவர்கள் உங்களுக்குத் திருப்பிப் போடுகிறார்கள், மொய்க் கணக்கு மாதிரி. இதில் வாசகர் எங்கே இருக்கிறார்?

முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் புத்தகத்தைத் தேடி வரமாட்டார். அவருக்குப் பிடித்த ஒரு விஷயத்தைத் தேடித்தான் வருவார். உங்கள் கதை ஏலக்காய்த் தோட்டத்தில் நடக்கிறது என்கிறீர்கள். அப்படியென்றால் விடிவதற்குள் தோட்டத்து ஆட்களோடு கம்பமெட்டு மலைப்பாதை ஏறும் ஜீப்பை எழுதுங்கள். எத்தனை பேரை அடைக்கிறார்கள், தூக்குச்சட்டியை யார் மடியில் வைப்பது, எந்த வளைவில் பேச்சு நிற்கிறது என்று எழுதுங்கள். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால்தான் ஒரு கிலோ தேறும். புற்றடியிலும் போடியிலும் காயை ஏலம் விடும்போது விலை இறங்கிய அன்று அந்த ஜீப்புக்குள் என்ன பேசுவார்கள் என்று எழுதுங்கள். தோட்டத்துக்குப் போய் வந்த ஒருவர் அதைப் படித்துவிட்டு, 'எங்க அம்மாவும் இப்படித்தான் போவாங்க' என்று கீழே எழுதுவார். அவர்தான் உங்கள் வாசகர். அவருக்கு ஒற்றை வார்த்தையில் நன்றி சொல்லிவிட்டு நகராதீர்கள். அம்மா எந்த எஸ்டேட், எந்த வருஷம் என்று கேளுங்கள். புத்தகம் பற்றிய பேச்சு தானாக வரும். லிங்கை அப்போது கொடுத்தால் போதும்.

அப்புறம், யாரையும் டேக் பண்ணாதீர்கள்.

சின்னமனூர்: எத்தனை மணிக்குப் பதிவு போட்டால் நிறையப் பேர் பார்ப்பார்கள்?

உங்கள் வாசகர் கை ஓய்ந்து உட்காரும் நேரத்தில். அது எப்போது என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

போடி: முகநூல், இன்ஸ்டாகிராம், யூடியூப், டெலிகிராம் எல்லாவற்றிலும் இருக்க வேண்டுமா?

ஒன்றில் ஒழுங்காக இருங்கள், போதும். ஆனால் எந்தத் தளத்தையும் நிரந்தரம் என்று நம்பாதீர்கள். கூகுள் பிளஸை 2019 ஏப்ரலில் மூடினார்கள். அங்கே நடந்த தமிழ் இலக்கியச் சண்டைகளும் அதோடு போயின. டிக்டாக்கை 2020 ஜூன் 29 அன்று இந்தியாவில் தடை செய்தார்கள். லட்சம் பேர் பின்தொடர்ந்தவருக்கும் மறுநாள் கையில் ஒன்றுமில்லை.

அதனால் புத்தகம் வாங்குகிறவரிடம் கேட்டு, அவர் சம்மதித்தால் போன் நம்பரையும் முகவரியையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வாட்ஸப் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேரைச் சேர்க்கலாம். உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் செய்தி போகும். அதுவும் நல்லதுதான், யார் உண்மையான வாசகர் என்று தெரிந்துவிடும். வாட்ஸப் சேனலில் எத்தனை பேர் வேண்டுமானாலும் சேரலாம், ஆனால் அவர்கள் நம்பர் உங்களுக்குத் தெரியாது. நான் நோட்டுப் பக்கம்தான்.

ஆண்டிபட்டி: கிண்டிலில் இருக்கும் நாவலை முகநூலிலும் தொடராகப் போடலாமா?

மின்னூலை அமேசானுக்கு மட்டும் கொடுக்கிறேன் என்று ஒப்புக்கொள்ளும் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர்த்திருந்தால் கூடாது. அந்த 90 நாளும் மின்வடிவம் அமேசானில் மட்டும்தான் இருக்க வேண்டும். மாதிரிக்குப் பத்து சதவீதம் வரை வெளியே போடலாம். அச்சுப் புத்தகத்துக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. பிரதிலிபி என்ற கதைத் தளத்தில் பழைய தொடர் முழுசாகக் கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள், பலர் அங்கேதான் மாட்டுகிறார்கள்.

வண்டிப்பெரியாறு: அக்கா, எங்கள் எஸ்டேட் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) பிள்ளைகள் நிறையப் பேர் மலையாள மீடியம். வீட்டில் தமிழ்தான் பேசுகிறார்கள், எழுத்துக் கூட்டி வாசிக்க வராது. அவர்களை வாசகர் கணக்கில் விட்டுவிட வேண்டியதுதானா?

இன்றைக்கு வந்ததில் நல்ல கேள்வி இது. விடவே கூடாது. ஒரு அத்தியாயத்தை உங்கள் குரலிலேயே வாசித்துப் பதிவு செய்யுங்கள். ஏழெட்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஸ்டூடியோ எல்லாம் தேவையில்லை. மெத்தை போட்ட அறையில் ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்திவிட்டு வாசித்தால் போதும். உங்கள் ஊர்ப் பேச்சை மாற்றாதீர்கள், செய்தி வாசிப்பது போல வாசித்தால் ஒரு பிள்ளையும் கேட்காது. செலக்ட் கட்டுப்பாடு மின்னூலுக்குத்தான், ஒலிவடிவத்துக்கு இல்லை.

மூணாறு: நான் ஒரு படி மேலே போகிறேன். தமிழையே மலையாள எழுத்தில் எழுதிப் போடுகிறேன். என் அண்ணன் மகள் அப்படித்தான் என் கதையை முதல்முறையாக வாசித்தாள்.

பாலக்காட்டுச் சித்தூர்: இதை வன்மையாக மறுக்கிறேன். இங்கே தமிழ் மீடியம் வகுப்புக்குப் பிள்ளை சேர்க்க வீடு வீடாக அலைகிறோம். மலையாள எழுத்திலேயே தமிழ் கிடைக்கும் என்றால் எந்தப் பெற்றோர் தமிழ் எழுத்தைக் கற்றுக்கொடுப்பார்?

மூணாறு: எழுத்து தெரியும் வரை அந்தப் பிள்ளை கதை இல்லாமல் இருக்க வேண்டுமா சார்?

சித்தூர்: கதை வேண்டும் என்ற ஆசையில்தான் எழுத்தையே கற்றுக்கொள்வார்கள். நானும் அப்படிக் கற்றவன்தான்.

சார், நீங்கள் வகுப்பறையிலிருந்து பேசுகிறீர்கள். மூணாறுக்காரர் வீட்டிலிருந்து பேசுகிறார். நான் விற்கிறவள், என் பக்கத்தையும் கேளுங்கள். மலையாள எழுத்தில் போட்ட தமிழை, தமிழில் தேடுகிறவர் கண்டுபிடிக்க முடியாது. மலையாளம் மட்டும் தெரிந்தவர் வாசித்தாலும் பாதி புரியாமல் விட்டுவிடுவார். அந்தப் பிள்ளையோடு அது நின்றுபோகும். அண்ணன் மகளுக்கு எழுதிக் கொடுப்பது நல்ல காரியம், ஆனால் அதையே வழியாக வைத்துக்கொண்டால் புத்தகம் விற்காது.

நான் செய்வது இது. ஒலிப்பதிவை வீடியோவாக்கி, வாசிக்கும் வரியைப் பெரிய தமிழ் எழுத்தில் திரையில் ஓடவிடுகிறேன். ஒரு நேரத்தில் ஒரு வரி மட்டும். காது கேட்பதைக் கண் பின்தொடரும். இது என்ன கதை, யாருக்கு என்பதை மட்டும் கீழே மலையாளத்தில் இரண்டு வரி எழுதுகிறேன். அந்த இரண்டு வரியைப் பார்த்துவிட்டுத்தான் குமுளிக் கடைகளில் வேலை பார்க்கும் பையன்கள் திறக்கிறார்கள்.

சித்தூர்: அந்த இரண்டு வரிகூட எதற்கு?

மூணாறு: அந்த இரண்டு வரிதானே நான் சொல்வது!

சரி, இரண்டு பேரும் உங்களுக்குள் பேசிக்கொள்ளுங்கள். மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கூடலூர்: தினமும் லிங்க் போடுகிறேன், யாரும் வாங்குவதில்லை.

உத்தமபாளையத்துக்குச் சொன்னதுதான்.

தேவாரம்: என் நாவல் முல்லைப் பெரியாறு அணை கட்டியதைப் பற்றியது. அணையைப் பற்றிப் பதிவு போட்டால் ஓடுமா?

ஓடும், ஆனால் வேறு திசையில் ஓடும். 2011 டிசம்பரில் இந்த அணைச் சண்டையால் குமுளிப் பாதை அடைபட்டதை இரண்டு பக்கமும் மறக்கவில்லை. 'அணை' என்று எழுதிய உடனே கேரளத்திலிருந்து நாலு பேர், தேனியிலிருந்து நாலு பேர் வந்து நிற்பார்கள், நாவலை ஒருவரும் கேட்க மாட்டார். 1895-இல் முடிந்த வேலையின் ஆட்களை எழுதுங்கள். சுண்ணாம்பும் சுர்க்கியும் (செங்கல் பொடி) குழைத்தவர்கள், காய்ச்சலில் செத்தவர்கள், சம்பளம் வாங்கி ஊருக்கு அனுப்பியவர்கள். அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுவிக் பிறந்த நாளான ஜனவரி 15-ஐ ஒட்டி நம் பக்கத்தில் எல்லோரும் அவரைப் பற்றித்தான் பேசுவார்கள், அந்த வாரத்தில் போடுங்கள். சண்டைக்கு வருகிறவருக்குப் பதில் எழுதவே எழுதாதீர்கள். டேக்கும் பண்ணாதீர்கள்.

பெரியகுளம்: என் நாவலின் பிடிஎஃப் டெலிகிராமில் சுற்றுகிறது. முகநூலில் அந்த லிங்கைப் போட்டுக் கேள்வி கேட்டேன்.

அந்த லிங்கை உடனே எடுங்கள், திருட்டுக்கு நீங்களே விளம்பரம் செய்கிறீர்கள். எழுதியவருக்கு 1957 பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை உண்டு. டெலிகிராமுக்கே பதிப்புரிமைப் புகார் அனுப்புங்கள், அந்தச் சேனலின் முகவரியும் உங்கள் புத்தகத்தின் கிண்டில் பக்கமும் அதில் இருக்கட்டும்.

கம்பம்: பணம் கொடுத்தால் பத்தாயிரம் ஃபாலோயர் தருகிறேன் என்று ஒருவர்...

வேண்டாம்.

குமுளி: ஐஎஸ்பிஎன் (புத்தகத்தின் அடையாள எண்) வாங்கித் தர ஒருவர் காசு கேட்கிறார். கொடுக்கலாமா?

இன்றைய பேச்சில் சேராத கேள்வி, ஆனாலும் சொல்கிறேன். ராஜா ராம்மோகன் ராய் ஐஎஸ்பிஎன் முகமை இலவசமாகவே தருகிறது. இணையத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம்.

நெடுங்கண்டம்: முகநூலில் ஆர்டர் வருகிறது. கூரியர் செலவு புத்தக விலையில் பாதியைத் தின்கிறது.

புத்தகம் அனுப்ப அஞ்சல் துறையின் ஞான் போஸ்ட் 2025 மே 1 முதல் இருக்கிறது, உங்கள் நாவலை அதில் ஏற்பார்களா என்று அஞ்சலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். 300 கிராம் வரை 20 ரூபாய், ஐந்து கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. தரை வழியில்தான் போகும், அதனால் நாலு நாள் கூடுதலாகச் சொல்லி வையுங்கள். கட்டு அனுப்பியதும் அதன் கண்காணிப்பு எண்ணை வாசகருக்கு வாட்ஸப்பில் அனுப்புங்கள். அப்போது அவர் உங்கள் நம்பரைச் சேமித்துக்கொள்வார்.

சீலையம்பட்டி: லைக் நிறைய வருகிறது அக்கா, ஆனால் விற்பனை...

மேலே போய்ப் படியுங்கள் தம்பி.

போடி, மறுபடியும்: கடைசியாக ஒன்று. அடுத்த வாரம் என் நாவல் அறிமுகப் பதிவில் உங்களை டேக் பண்ணட்டுமா?

கூடாது. புத்தகத்தை அனுப்புங்கள், படிக்கிறேன். எழுதுவேனா மாட்டேனா என்பதைப் படித்த பிறகு சொல்கிறேன்.